மூன்றாம் தராசு

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமா மட்டும் ஜலதோஷத்தை உலக மகா வியாதி போல நடத்திக்கொண்டிருக்கிறார். ஆவி பிடிக்க ஒரு பாத்திரம், துடைக்க ஒரு துண்டு, பரிதாபப்பட ஒரு நான். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் அவசரத்துக்குப் போன், மற்றதற்கெல்லாம் தபால் என்று ஒப்பந்தம் போட்டோமே, அதை இன்று மீறிவிடலாமா என்று பார்த்தேன். விஷயம் அப்படி. உங்கள் லேப் எங்கள் மென்பொருளை ஆறு மாதம் வைத்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டது. நேற்று ஒப்புதல் வந்தது, கீழே உங்கள் தலைமை மேடத்தின் கையெழுத்தோடு.

இத்தனை நாள் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுக் கேட்டு, பாதியில் கொட்டாவி விடுவாய். இப்போது விட முடியாது, உன் மேஜைக்கே வருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். தராசு என்ன எடை காட்டுகிறது, உலர்த்தும் அடுப்பு என்ன சூட்டில் இருக்கிறது, குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா, எல்லாம் அதன் வழியாக இங்கே என் திரைக்கு வந்துவிடும். கருவி கெட்ட பிறகு கண்டுபிடிக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கெடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் நான் வடிவமைத்தது. தன்னைத் தானே புகழக் கூடாது என்பார்கள். வேறு யாரும் புகழாதபோது என்ன செய்வது?

எங்கள் ஆபீஸ் அறையின் சுவருக்கு அடுத்தது லிஃப்ட். லிஃப்ட் வந்து நிற்கும்போதெல்லாம் மேஜை ஒரு ஆட்டம் ஆடி அடங்கும். அதிர்வைப் பற்றிப் படிக்க நான் வேறெங்கும் போகவில்லை, இங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

சீக்கிரம் பதில் போடு. உன் கையெழுத்தைப் பார்த்து உன் மாமா இன்னும் பொறாமைப்படுகிறார். பள்ளியில் உனக்கு ‘அச்சடிச்சான்’ என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

உன் அக்கா

ஜனவரி 21

கமிஷனர் அக்காவுக்கு,

மூவரும் சுகம். மாமாவின் மூக்கு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது, என் வீட்டுக்காரி தினம் கேட்கிறாள்.

சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவில் எத்தனை குறைந்தது என்று கண்காணித்தாய். இப்போது மருந்து பரிசோதிக்கும் லேப்பையே கண்காணிக்கக் கிளம்பிவிட்டாய். விளையும் பயிர் முளையிலே தெரியும்.

பெட்டிகள் வரப் போகின்றன என்றதும் எங்கள் சாப்பாட்டு மேஜை மாநாட்டுப் பந்தலாகிவிட்டது. “நாம எத்தனை தடவை டீ குடிக்கப் போறோம்னு அது எண்ணுமா?” என்று ஒருவர் கேட்டார். “டீயில எத்தனை சர்க்கரைன்னும் எண்ணும்” என்று நான் சொல்லித் தொலைத்தேன். அதை நம்பி இரண்டு பேர் மேடத்திடம் போய் முறையிட்டுவிட்டார்கள்.

எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேப்பில் எல்லோரும் அவரைக் கறார் மேடம் என்போம், அவர் காதில் விழாதபடி. பேனா மூடியைத் திறந்தாலே எதற்கு என்று கேட்பவர். எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: “மிஷினைப் பார்த்துக்க இன்னொரு மிஷின். சரி, ஆறு மாசம் பார்க்கலாம். ஆனா பொய்யா அலாரம் அடிச்சுதுன்னா, பெட்டியைக் கழட்டித் திருப்பி அனுப்பிடுவேன்.” சொன்னால் செய்வார், உன் தலையெழுத்து.

எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, கருவியின் முன்னால் யார் நிற்கிறார் என்பது உன் மென்பொருளுக்குத் தெரியக் கூடாது. இங்கே பயப்படுகிறார்கள். இரண்டாவது, தராசு அறையில் மூன்றாம் தராசை முதலில் இணைக்கச் சொல். அதில்தான் நான் வேலை செய்கிறேன். குழந்தைகளுக்கான சிரப்பில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொடியை அதில்தான் நிறுப்பேன். அந்த நிறுவை தப்பினால் நல்ல மருந்தைக் கெட்டது என்போம், கெட்டதை நல்லது என்போம். அதனால் அது முதலில். ஏன் எதற்கு என்று கமிஷனர் விசாரணை வேண்டாம்.

குட்டி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். நீதான் அது. மீசை தவறி விழுந்த கோடு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

மாமாவின் மூக்கு தேறிவிட்டது, வாய்தான் இன்னும் ஓயவில்லை. மீசையோடு என்னைப் பார்த்தவர் சிரித்த சிரிப்பில் இருமல் திரும்பிவிட்டது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

உன் முதல் வேண்டுகோள் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் ஆபீசில் ஒருவர், யார் வேலை செய்தார் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கிராக்கி இருக்கிறது என்றார். நான் முடியாது என்றுவிட்டேன். கருவியைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன். இது உங்கள் லேப்புக்கு நான் தரும் வாக்கு, நீயே எல்லோரிடமும் சொல்லிவிடு.

இரண்டாவதும் நடக்கும். உன் தராசுக்காகவே ஒரு நல்ல விதி எழுதியிருக்கிறேன். ஒரு பொருளை வைத்ததும் தராசின் எண்கள் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு நிற்கும் இல்லையா? நிற்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று என் மென்பொருள் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு நிலைகொள்ளும் நேரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அது நாளுக்கு நாள் நீண்டால், எங்கோ கோளாறு ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் போல என்று வைத்துக்கொள்.

அது தப்பாகச் சொல்லாது. நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்து அனுப்புகிறேன் என்று ஆச்சரியப்படாதே. லேப்பில் புதிதாக ஒரு பிரின்டர் வந்திருக்கிறது, எனக்கும் கொஞ்சம் நாகரிகம் வரட்டும்.

உன் பெட்டிகள் வந்து எல்லாக் கருவியிலும் உட்கார்ந்துவிட்டன. முதல் வாரமே நீ ஜெயித்தாய். குளிர்பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்து, உள்ளே சூடு மெல்ல மெல்ல ஏறுவதை உன் மென்பொருள்தான் பிடித்தது. கையால் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே இருந்த சாம்பிள் எல்லாம் தப்பித்தன. கறார் மேடம் சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். முறைக்கவில்லை. இங்கே அதுவே பெரிது.

குட்டி பள்ளி நாடகத்தில் மரமாக நடிக்கப் போகிறாள். வசனம் இல்லை, அசையாமல் நிற்க வேண்டும். அவளால் முடியாத ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி

மார்ச் 6

அச்சடிச்சானுக்கு,

பெயரைக் காப்பாற்ற நிஜமாகவே அச்சடிக்க ஆரம்பித்துவிட்டாயா? உன் மாமா ஏமாந்துபோனார். கவரைப் பிரித்ததும் மின்சார பில் என்று நினைத்து மேஜையில் எறிந்துவிட்டார். அடுத்த முறை கையால் எழுது. எல்லோரும் சுகம்தானே?

குளிர்பெட்டி விஷயம் எங்கள் ஆபீசில் மூன்று நாள் பேச்சு. நான் நடக்கும்போது கால் தரையில் படவில்லை. இன்னொரு லேப் கேட்டு எழுதியிருக்கிறது. உங்கள் மேடம் ஆறு மாதம் முடிந்ததும் நல்லதாக நான்கு வார்த்தை எழுதினால், இந்த மென்பொருள் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இதை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார் என்று எங்கள் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். நான் கவலைப்படவில்லை.

உன் செல்லத் தராசு பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் தராசின் நிலைகொள்ளும் நேரம் நீண்டுகொண்டே வருகிறது, அலாரம் வந்திருக்கும். எண்கள் அலைகின்றன, தாண்டிப் போகின்றன, திரும்பி வருகின்றன. பாவம், அதற்கு வயதாகிவிட்டது. சர்வீஸுக்கு ஆள் வரச் சொல். நீ முதலிலேயே அதை இணைக்கச் சொன்னபோது மனதில் ஏதோ பட்டிருக்கிறது, கெட்டிக்காரன்.

குட்டி மரத்துக்கு என் முத்தங்கள்.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, வேலை அதிகம்.

சர்வீஸ்காரர் வந்தார். மூன்றாம் தராசைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்து, குறை ஒன்றுமில்லை என்று கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்த வாரம் என்னை முதல் தராசில் போட்டிருந்தார்கள். பிறகு கல் மேஜையை மாற்றினார்கள், காற்று வரும் துவாரத்தை அடைத்தார்கள். அலாரம் நிற்கவில்லை.

போன வாரம் குட்டியின் நாடகத்துக்காக முழுக்க லீவு போட்டேன். மரம் அசையாமல் நின்றது. பக்கத்தில் நின்ற ராஜா தும்மியபோதுகூட. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

இவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் எழுதினால் எதையாவது பெரிதாக எழுதுவாள், நம்பாதே.

தம்பி

ஏப்ரல் 22

மென்பொருள் வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலம் விழைகிறேன்.

எங்கள் மூன்றாம் தராசு கோளாறானது என்று தங்கள் மென்பொருள் தொடர்ந்து எச்சரிக்கிறது. தராசில் குறையில்லை என்று சர்வீஸ் நிறுவனம் எழுத்தில் தந்துவிட்டது. மேஜையும் மாற்றிவிட்டோம். ஆக, ஒன்று எங்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்க வேண்டும், அல்லது தங்கள் மென்பொருள் பொய் சொல்கிறது.

எது என்று மே மாதத்துக்குள் எழுத்தில் விளக்கம் தேவை. விளக்கம் திருப்தியாக இல்லையெனில் பெட்டிகளைத் திருப்பி அனுப்புவேன். தங்கள் தம்பி இங்கே வேலை செய்கிறார் என்பது இதில் எந்த வேறுபாடும் செய்யாது.

தலைமை ஆய்வாளர்

ஏப்ரல் 29

தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்று எழுதுவாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

உங்கள் மேடத்தின் கடிதம் கிடைத்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மென்பொருளா பொய் சொல்கிறது என்று, மூன்றாம் தராசு பெட்டி வைத்த நாளிலிருந்து அனுப்பிய எண்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து, லிஃப்ட் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். எங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு வாரம் மட்டும் அந்தத் தராசு பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தது. வைத்ததும் எண் நின்றது. அது குட்டி மரமாக நின்ற வாரம்.

அப்புறம் தராசையே தூக்கிக்கொண்டு போன வாரத்தைப் பார்த்தேன். மூன்றாம் தராசிலிருந்து எண்ணே இல்லை. சும்மா இருக்காமல் முதல் தராசின் எண்களை எடுத்து ஒட்டினேன். அதுவரை அலையாத முதல் தராசு அந்த வாரம் அலைந்தது. மூன்றாவது திரும்பி வந்ததும் முதலாவது பழையபடி நின்றுவிட்டது.

தராசின் கோளாறு எழுந்து நடந்துபோய் அடுத்த தராசில் உட்காராது.

நான் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. மென்பொருளுக்கு நாள் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் எந்த வாரம் யார் எங்கே இருந்தார் என்பது எனக்கு வந்த கடிதங்களில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். வாசித்துவிட்டேன். சுவரில் இருந்ததையெல்லாம் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் கேட்டால் “ஒண்ணுமில்லக்கா” என்பாய். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது.

வேறு எதுவும் எழுதப் போவதில்லை. மேடத்துக்கு இன்னும் பதில் போடவில்லை, உன் கடிதம் வரட்டும் என்று இருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையால் எழுது. இரண்டு வரி போதும்.

அக்கா

மே 18

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பணியாளர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாம் தராசு குறித்து வந்த எச்சரிக்கைகள் அனைத்தும் எங்கள் மென்பொருளின் பிழை. நிலைகொள்ளும் நேரத்துக்கு நான் வைத்த அளவு தவறானது. பொறுப்பு முழுவதும் என்னுடையது. அந்த விதியையே நீக்கிவிடுகிறேன். தராசிலோ, அதைக் கையாள்பவரிடமோ எந்தக் குறையும் இல்லை.

பெட்டிகளைத் திருப்பி அனுப்புவது என்று தாங்கள் முடிவு செய்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் வடிவமைப்பாளர்

மே 17

அக்கா,

கையால் எழுதுகிறேன். வாசிக்க முடிகிறதா? நான்கு தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு இது ஐந்தாவது. இதையும் கிழிக்கக் கை போகிறது, இவள் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறாள். நீ நலமா, மாமா நலமா என்று கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள்.

கை ஆடுகிறது அக்கா. வலது கை. போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது, பிறகு சட்டைப் பட்டனில், பிறகு பேனாவில். பொடியைச் சின்னக் கரண்டியில் எடுத்துத் தராசில் கொட்டும்போது, விரல் கிண்ணத்தில் இடிக்கும், கொஞ்சம் அதிகம் விழும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுப்பேன். மறுபடியும். எண் சரியாக நிற்கும்வரை விட மாட்டேன். இதுவரை ஒரு நிறுவையையும் தப்பாக எழுதியதில்லை, அது சத்தியம். உன் மென்பொருள் பார்த்ததெல்லாம் அந்த மறுபடியும் மறுபடியும்தான்.

மூன்றாம் தராசை முதலில் இணை என்று ஜனவரியில் எழுதினேனே. அப்போதே சந்தேகம். ஆனால் மனசு சொல்வதை நம்ப முடியவில்லை. ஒரு நாள் ஆடுவது போல இருக்கும், மறுநாள் சும்மா பயந்தோம் என்று தோன்றும். யாரிடமும் கேட்கவும் வாய் வரவில்லை. நீ செய்த கருவி சொன்னால் நம்பலாம் என்று நினைத்தேன். அது சொன்னது. சொன்ன பிறகு, தராசுக்கு வயதாகிவிட்டது என்று நீ எழுதினாய், அதைப் பிடித்துக்கொண்டேன். சர்வீஸ்காரரிடம் ஒரு குறையாவது சொல்லுங்களேன் என்று கெஞ்சாத குறை.

உன் கடிதம் வந்ததும் இவளிடம் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரியும், நான் சொல்லக் காத்திருந்தாளாம். மறுநாளே நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வட்டம் வரையச் சொன்னார். குட்டி பேசத் தொடங்கும் முன் வரைந்தது இதைவிட வட்டமாக இருந்தது. நாம் பயப்படுகிற அந்தப் பார்க்கின்சன் வியாதி இல்லையாம் அக்கா. சில குடும்பங்களில் வருகிற வெறும் நடுக்கம். மாத்திரை குறைக்கும், முழுக்க நிறுத்தாது. “வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். படி இறங்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. டம்ளரை எப்போதும் இரண்டு கையாலும் பிடிப்பாரே. டம்ளருக்குக்கூட மரியாதை கொடுக்கிற மனுஷன் என்று நீயும் நானும் கிண்டல் பண்ணுவோமே. படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நாளைக்குக் கறார் மேடத்திடம் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. தராசை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? ஆனால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் தப்பும். தப்பினால் அது யாரோ ஒரு குழந்தையின் வாய்க்குப் போகும்.

மே 25

இதைத் தபாலில் போடவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் போடலாம் என்று வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று, உன்னைத் திட்ட இடம் கிடைத்தது.

பதினெட்டாம் தேதி மேடத்திடம் சொன்னேன். கையை நீட்டச் சொன்னார், பார்த்தார், போகச் சொன்னார். அன்றிலிருந்து வேறு இருவரை உட்காரவைத்து, நான் இந்த வருஷம் பார்த்த சாம்பிள்களில் மிச்சம் வைத்ததையெல்லாம் மறுபடி சோதிக்கச் சொன்னார். நேற்று அது முடிந்தது. ஒன்றும் தப்பவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் உன் கடிதம்.

“உங்க அக்கா எழுதியிருக்காங்க. தப்பு மென்பொருள் மேலயாம். நீங்க வந்து தப்பு உங்க கை மேலன்னு சொன்னீங்க. ஒரே தப்புக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடி நான் பார்த்ததே இல்ல.”

“அக்கா எழுதினது சரியில்ல மேடம். மென்பொருளோட அலாரம் உண்மைதான்.”

“அது தெரியுது. ‘கையாள்பவரிடமோ எந்தக் குறையும் இல்லை’ன்னு எழுதியிருக்காங்க. கையாள்றவரைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க மாசக்கணக்கா மறைச்சீங்க. அவங்க நாலு வரியில மறைச்சாங்க. உங்க குடும்பத்துல பொய் சொல்லாதது அந்த மென்பொருள் ஒண்ணுதான். அதை மட்டும் நான் வச்சுக்கறேன். அந்த விதியில கை வைக்கக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க.”

“நான் மேடம்?”

“தராசு அறைக்குள்ள இனிமே உங்களைப் பார்க்கக் கூடாது. ரிப்போர்ட்டை வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி சரிபார்க்கற நாற்காலி ரொம்ப நாளா காலியா கிடக்கு. அதுக்குக் கை வேண்டாம், தப்பா நின்ன எண்ணை விடாத ஆள் வேணும். திங்கட்கிழமை வந்து உட்காருங்க.” கதவுவரை போனதும் கூப்பிட்டார். “டாக்டர்கிட்ட ஒழுங்கா போங்க.” அவர் வாயிலிருந்து வந்ததில் இனிப்பான வாக்கியம் அதுதான்.

இப்போது உனக்கு. நீ செய்தது தப்பு அக்கா. எனக்காகத்தான் செய்தாய். ஆனாலும் தப்பு. அந்த விதியை எடுத்துவிட்டு, நாளைக்கு நிஜமாகவே ஒரு தராசு கெட்டால் யார் சொல்வார்கள்? ஆளைப் பார்க்க மாட்டேன், கருவியைத்தான் பார்ப்பேன் என்றாய். ஆளைப் பார்த்தாய், கருவியை விட்டுவிட்டாய். பிஸ்கட் டப்பாவில் ஒன்று குறைந்தால் என்னை அம்மாவிடம் மாட்டிவிடுவாயே, அந்தக் கமிஷனர் எங்கே போனார்?

இத்தனையும் எழுதி முடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. குட்டி பார்த்துவிட்டு, “அப்பா, எழுத்தெல்லாம் டான்ஸ் ஆடுது” என்றாள். இந்தக் கையை நினைத்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

தம்பி

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், பொய் சொல்லாமல் எழுது.

உன் திட்டு வந்து சேர்ந்தது. முழுக்க வாங்கிக்கொண்டேன், ஒரு சொல்லைக்கூடத் திருப்பித் தர மாட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் வராத அந்த மூன்று வாரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மென்பொருள் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம், தம்பிக்கு என்ன செய்வது என்று மட்டும்தான் தெரிந்தது. உங்கள் மேடத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பதில் ஒரே வரி: ‘இனி கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்.’ எங்கள் ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். மேலதிகாரி கொஞ்சம் குதித்தார். குதித்து முடித்துவிட்டு, அந்த இன்னொரு லேப்புக்குப் பெட்டிகளை அனுப்பச் சொன்னார்.

விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன். அலாரம் வந்தால் முதலில் தராசைப் பாருங்கள், பிறகு மேஜையை, பிறகு காற்றை. எல்லாம் சரியென்றால், அங்கே வேலை செய்பவரிடம் சௌக்கியமா என்று கேளுங்கள். பெயர் இப்போதும் சேராது. கேட்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்கள்.

அப்பாவின் டம்ளரைப் படித்துவிட்டு நானும் என் கையை நீட்டிப் பார்த்தேன். இப்போதைக்கு நிற்கிறது. உன் மாமா பதறிப்போய்த் தன் கையையும் நீட்டினார், அவருக்கு நம் குடும்ப ரத்தம் கிடையாது என்பதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நாற்காலி எப்படி இருக்கிறது? எத்தனை ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினாய்? நீ ஒரு எண்ணையும் விட மாட்டாய், அந்த லேப்பில் இனி எல்லோரும் உன்னைத்தான் கமிஷனர் என்பார்கள்.

இனி பிரின்டர் பக்கம் போகாதே. உன் கடிதத்தை முதலில் வாசித்தபோது எழுத்தெல்லாம் அலைந்தது, கோட்டைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது. நான் அவசரப்படவில்லை. நிற்கும்வரை காத்திருந்து வாசித்தேன். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

உன் அக்கா